காகிதம் செய்துவந்த வேலை

ஏற்றுமதி இறக்குமதி ஆவணங்களைச் சரிபார்க்கும் பணியில் நான் சேர்ந்த முதல் ஆண்டில், கப்பல் துறைமுகத்துக்கு வந்து ஒன்பது நாட்கள் ஆகியும் அதிலிருந்த சரக்கை எடுக்க முடியாமல் போன ஒரு நிகழ்வு என் நினைவில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. வாங்கியவர் பணம் செலுத்தியிருந்தார். பணம் வந்ததை விற்றவர் மின்னஞ்சலில் உறுதிப்படுத்தியிருந்தார். கப்பல் நிறுவனத்தின் கணினியிலும் எல்லா விவரங்களும் சரியாகவே இருந்தன. ஆனால், சரக்கைக் கப்பலில் ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணமான பில் ஆஃப் லேடிங்கின் மூலப் பிரதி மட்டும் இரண்டு வங்கிகளுக்கு இடையே கூரியரில் எங்கோ கிடந்தது. பின்னாளில் வேறு எவராவது அந்த மூலப் பிரதியோடு வந்து சரக்கைக் கேட்டால் இழப்பு முழுவதையும் தாமே ஏற்பதாக, வங்கி உத்தரவாதத்துடன் வாங்கியவர் எழுதிக் கொடுத்த பிறகே சரக்கு விடுவிக்கப்பட்டது. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும்போது ஒரு தாளுக்காக ஏன் காத்திருக்க வேண்டும் என்று எங்கள் பிரிவின் மூத்த அலுவலரிடம் கேட்டேன். "தெரிந்திருப்பது வேறு, கையில் வைத்திருப்பது வேறு, சட்டம் கேட்பது இரண்டாவதை" என்றார் அவர்.

அந்தப் பதிலின் முழுப் பொருளும் எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. ஒரு நாட்டின் வணிகச் சட்டத்தை மின்வணிகத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், புதிதாக எந்தச் சட்டத்தை இயற்றுவது என்பதிலிருந்தே விவாதம் தொடங்குகிறது. அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். பழைய சட்டம் எழுத்து, கையெழுத்து, மூலப் பிரதி என்று காகிதத்தைக் கேட்ட ஒவ்வோர் இடத்திலும், அந்தக் காகிதம் உண்மையில் என்ன வேலையைச் செய்துகொண்டிருந்தது? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடிய சட்டங்கள் நிலைத்திருக்கின்றன. இதைத் தாண்டிக் குதித்து, அன்றைக்குப் புதிதாக வந்திருந்த கருவியைச் சட்டமாக எழுதிவைத்தவை விரைவில் பழையதாகிவிட்டன.

சில ஒப்பந்தங்கள் எழுத்தில் இருந்தாக வேண்டும், அதில் கையெழுத்தும் இருந்தாக வேண்டும் என்று இங்கிலாந்து 1677இல் ஒரு சட்டம் செய்தது. வாய்வழி ஒப்பந்தம் என்று பொய்ச் சாட்சி சொல்லிப் பிறர் சொத்தைப் பறிப்பதைத் தடுப்பதே அதன் நோக்கம். இங்கே எழுத்தின் வேலை, பேசியது என்ன என்பதைப் பின்னாளில் எடுத்துப் பார்க்கும்படி பாதுகாத்து வைப்பது; கையெழுத்தின் வேலை, ஒப்புக்கொண்டவர் யார் என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார் என்பதையும் காட்டுவது. இந்த வேலைகளைப் பிரித்தறிந்துவிட்டால், அவற்றை வேறொரு சாதனம் செய்தாலும் சட்டம் அதை ஏற்கலாம் என்ற முடிவுக்கு வருவது கடினமன்று. ஐக்கிய நாடுகள் அமைப்பின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம், அதாவது 1966இல் உருவாக்கப்பட்ட அன்சிட்ரால், 1996இல் வெளியிட்ட மின்வணிக மாதிரிச் சட்டம் இந்த வழியில்தான் சென்றது. ஒரு தகவலைப் பின்னர் மீண்டும் எடுத்துப் பயன்படுத்த முடியுமானால் அது எழுத்துக்கு நிகர்; அனுப்பியவரை அடையாளம் காட்டி, அவருடைய ஒப்புதலையும் காட்டும் நம்பத்தகுந்த முறை எதுவாயினும் அது கையெழுத்துக்கு நிகர்; இறுதி வடிவம் பெற்ற நாளிலிருந்து மாற்றமின்றி இருப்பது உறுதியானால் அது மூலப் பிரதிக்கு நிகர். எந்த மென்பொருளின் பெயரையும் எந்தக் கருவியின் பெயரையும் அது சொல்லவில்லை. 80க்கும் மேற்பட்ட நாடுகளின் சட்டங்களில் அதன் தடம் இருக்கிறது. 1998இல் மின் பரிவர்த்தனைச் சட்டம் இயற்றிய சிங்கப்பூர் அதை முதலில் கைக்கொண்ட நாடுகளுள் ஒன்று.

இதற்கு நேர்மாறான பாதையில் போன ஒரு சட்டமும் அதே காலத்தில் பிறந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 1995இல் இயற்றிய டிஜிட்டல் கையொப்பச் சட்டம், ஒன்றோடொன்று இணைந்த இரு கணினித் திறவுகோல்களைக் கொண்டு கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுத் திறவுகோல் குறியாக்கம் என்ற ஒரே தொழில்நுட்பத்தின் மீது முழுக் கட்டடத்தையும் எழுப்பியது; சான்றிதழ் வழங்கும் அமைப்புகளுக்கான உரிமம், அவற்றின் பொறுப்பு, திறவுகோலைக் காப்பவரின் கடமை என்று அனைத்தையும் நுணுக்கமாக வகுத்தது. சந்தை அந்த வழியில் போகவில்லை. மக்கள் கடவுச்சொல்லாலும், ஒரு பெட்டியில் குறியிடுவதாலும், பெயரைத் தட்டச்சு செய்வதாலும் ஒப்புதல் தந்துகொண்டிருந்தார்கள். 2006இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அதை எழுதியவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் அவர்கள் பாதுகாப்பைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட்டார்கள். ஆனால் பத்துக் கோடி ரூபாய் ஒப்பந்தத்துக்கும் பத்து ரூபாய் வாங்குதலுக்கும் ஒரே பூட்டைச் சட்டம் கட்டாயமாக்கும்போது, சிறிய வணிகர் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே தள்ளப்படுகிறார் என்பதை இந்த வரலாறு எனக்குக் கற்றுத் தந்தது.

ஒப்பந்தம் எப்போது, எங்கே உருவாகிறது என்ற கேள்வியில் நீதிமன்றங்களே நெடுங்காலமாக இந்த மாற்றத்தைச் செய்துவந்திருக்கின்றன. ஏற்புக் கடிதம் தபாலில் சேர்க்கப்பட்ட நொடியிலேயே ஒப்பந்தம் உருவாகிவிடுகிறது என்பது 1818ஆம் ஆண்டு இங்கிலாந்துத் தீர்ப்பு ஒன்றிலிருந்து வளர்ந்த விதி. இங்கே தட்டச்சு செய்ததைத் தொலைவில் உடனுக்குடன் அச்சிடும் டெலக்ஸ் வந்தபோது அந்த விதி பொருந்தவில்லை. லண்டன் நிறுவனம் ஒன்றின் முன்மொழிவுக்கு ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெலக்ஸில் ஏற்பு வந்த வழக்கில், ஏற்பு வந்துசேர்ந்த லண்டனிலேயே ஒப்பந்தம் உருவானது என்று 1955இல் தீர்ப்பளிக்கப்பட்டது. மின்னஞ்சல் இவற்றில் எந்தப் பக்கம் சேரும் என்று வழக்கறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கையில், மின்னணுத் தகவல் தொடர்பைப் பற்றிய 2005ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை எளிய பதிலொன்றைத் தந்தது: பெறுபவர் தாமே குறிப்பிட்ட முகவரிக்குச் செய்தி வந்து, அவர் அதை எடுத்துப் பார்க்கக்கூடிய நிலை ஏற்பட்டவுடன் அது கிடைத்ததாகக் கொள்ளப்படும். பொதுமக்கள் அனைவருக்கும் திறந்திருக்கும் இணையப் பக்கத்தில் பொருளைக் காட்டி வைத்திருப்பது பொதுவாக முன்மொழிவு ஆகாது, பேரத்துக்கான அழைப்பே என்றும் அது சொன்னது. எனக்கு மிகவும் பிடித்த விதி அதன் 14ஆவது உறுப்பில் இருக்கிறது. தானியங்கி முறையில் ஒருவர் தவறுதலாக 1 என்பதற்குப் பதில் 11 என்று தட்டிவிட்டு, அதைத் திருத்த அந்த முறை வாய்ப்பே தரவில்லை என்றால், உடனே அறிவித்து அந்தத் தவறான பகுதியை அவர் திரும்பப் பெறலாம். கிடைத்த பொருளால் அவர் பயனடைந்திருக்கக் கூடாது. எதிரில் ஒரு மனிதர் அமர்ந்திருந்தால் "பதினொன்றா கேட்டீர்கள்?" என்று ஒருமுறை கேட்டிருப்பார். அந்தக் கேள்வி செய்துவந்த வேலையை இந்த விதி ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் தகவலைப் பற்றியவை. தகவலைப் பிரதியெடுக்கலாம், இருவர் ஒரே நேரத்தில் வைத்திருக்கலாம், அதனால் ஒருவருக்கும் இழப்பில்லை. நான் தொடக்கத்தில் சொன்ன பில் ஆஃப் லேடிங்கின் நிலை வேறு. சரக்கு கப்பலில் ஏறியதற்கு அது ரசீது. கொண்டுசெல்லும் ஒப்பந்தத்துக்கு அது சான்று. இவற்றுக்கு மேலாக, சரக்குக்கே அது சாவி. பின்புறம் கையெழுத்திட்டு இன்னொருவரிடம் கொடுத்தால், நடுக்கடலில் மிதந்துகொண்டிருக்கும் சரக்கே கைமாறியதாகப் பொருள். வணிகர்கள் தங்களுக்குள் வளர்த்துக்கொண்ட இந்த வழக்கத்தை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன. பணம் கொடுக்கும்படி கட்டளையிடும் மாற்றுண்டியலும் புரோநோட்டும் இதே வகையைச் சேர்ந்தவைதான். தாள் யாரிடம் இருக்கிறதோ உரிமை அவரிடம் இருக்கிறது. இங்கே காகிதத்தின் வேலை தகவலைக் காப்பதோடு முடியவில்லை. ஒரே நேரத்தில் ஒருவரிடம் மட்டுமே இருக்க முடியும், ஒருவர் கொடுத்துவிட்டால் அவரிடம் இல்லாமல் போய்விடும் என்ற அதன் இயல்பே பெரிய வேலையைச் செய்தது. கணினிக் கோப்புக்கு அந்த இயல்பு கிடையாது; அனுப்பிய பிறகும் அது அனுப்பியவரிடமே இருக்கிறது.

சட்டத்தின் தடையும் கடுமையாக இருந்தது. புலனாகாத ஒன்றை எவரும் உடைமையில் வைத்திருக்க முடியாது என்பது இங்கிலாந்துச் சட்டத்தின் நெடுநாளைய நிலைப்பாடு. அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2007இல் அளித்த தீர்ப்பு ஒன்றும், சந்தாதாரர் தரவுத்தளத்தைக் கட்டணப் பாக்கிக்காகப் பிடித்து வைக்க முடியுமா என்ற வழக்கில் 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அதை உறுதிப்படுத்தின. ஆகவே, உலகின் கப்பல் ஒப்பந்தங்களில் பெரும்பகுதி எந்த நாட்டுச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறதோ, அந்தச் சட்டத்தின்படியே மின்னணு பில் ஆஃப் லேடிங் என்பது உண்மையான பில் ஆஃப் லேடிங் ஆகாது என்ற நிலை 2023 வரை இருந்தது. வணிகர்கள் சும்மா இருக்கவில்லை. 1999இல் செயல்படத் தொடங்கிய பொலேரோ போன்ற அமைப்புகள், உறுப்பினர்கள் அனைவரும் ஒரே விதிப் புத்தகத்தில் கையெழுத்திட்டு, தங்களுக்குள் மின்பதிவை மூலப் பிரதியாக ஏற்பதாக ஒப்புக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தன. அது திறமையான தீர்வுதான், ஆனால் ஒப்பந்தம் என்பது அதில் கையெழுத்திட்டவரை மட்டுமே கட்டுப்படுத்தும். உறுப்பினரல்லாத ஒருவர், ஒரு வங்கி, திவாலான நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர் என்று வெளியிலிருந்து யாராவது வந்துவிட்டால் அந்த ஏற்பாடு ஆட்டம் காணும். உலகம் முழுவதையும் கட்டுப்படுத்தும் உரிமையைச் சட்டம்தான் தர முடியும்.

2017இல் அன்சிட்ரால் வெளியிட்ட, மின்னணு மாற்றத்தகு பதிவேடுகளுக்கான, அதாவது பில் ஆஃப் லேடிங்கைப் போலக் கைமாற்றக்கூடிய ஆவணங்களின் மின்வடிவுக்கான, மாதிரிச் சட்டம் இந்த முடிச்சை அவிழ்த்தது. உடைமை என்ற சொல்லின் இடத்தில் அது கட்டுப்பாடு என்ற சொல்லை வைத்தது. ஒரு பதிவை இதுதான் அந்தப் பதிவு என்று தனித்துக் காட்ட முடிய வேண்டும். அதன் மீது ஒருவருக்கு மட்டுமே கட்டுப்பாடு இருப்பதை நம்பத்தகுந்த முறையொன்று நிறுவ வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை அது அடையாளம் காட்டவும் வேண்டும். இவை இருந்தால், தாளைக் கையில் வைத்திருப்பவருக்குரிய உரிமைகள் அனைத்தும் அவருக்கு உண்டு. ஒரே பேரேட்டைப் பல கணினிகளில் பரப்பி வைக்கும் பிளாக்செயின் பற்றிய ஆரவாரம் உச்சத்தில் இருந்த காலத்தில் எழுதப்பட்ட சட்டம் இது. இருந்தும் அது பிளாக்செயினைக் கட்டாயமாக்கவில்லை. மையப் பதிவேட்டையும் அது ஏற்கும், பரவலான பேரேட்டையும் ஏற்கும், நாளை வரப்போகும் வேறொன்றையும் ஏற்கும். யூட்டாவில் நடந்ததை மறக்காதவர்கள் எழுதிய சட்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பஹ்ரைன் 2018இல் முதல் நாடாக இதைத் தன் சட்டமாக்கியது. சிங்கப்பூர் 2021இல் தன் மின் பரிவர்த்தனைச் சட்டத்தைத் திருத்தியது. ஐக்கிய இராச்சியத்தின் மின்னணு வணிக ஆவணச் சட்டம் 2023 செப்டம்பர் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தில் ஏழே பிரிவுகள் இருக்கின்றன, அதை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். சட்டம் எழுதுபவர்கள் அனைவரும் ஒருமுறையாவது அதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர் கட்டுப்படுத்த முடியாமலும், கைமாறியவுடன் முன்பு வைத்திருந்தவர் தன் கட்டுப்பாட்டை இழக்கும்படியும் உள்ள மின் ஆவணத்தை ஒருவர் உடைமையில் வைத்திருக்கலாம் என்று அது நேரடியாகவே அறிவித்தது. கடல் வணிகச் சட்டத்தின் நூற்றாண்டுகால வழக்குகளையும் விதிகளையும் திருத்தி எழுதும் தேவை அதனால் இல்லாமல் போயிற்று. அவை அப்படியே மின் ஆவணத்துக்கும் பொருந்தத் தொடங்கின. தொடத் தேவையில்லாத இடங்களைத் தொடாமல் விட்டதில்தான் அந்தச் சட்டத்தின் பெருமை இருக்கிறது.

ஒப்பந்தத்தை மனிதர் செய்யாமல் கணினி நிரல் செய்தால் என்ன என்பது அடுத்துவரும் கேள்வி. 2017 ஏப்ரலில் சிங்கப்பூரைச் சேர்ந்த ஒரு மெய்நிகர் நாணயச் சந்தையில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறால், ஒரு நிறுவனத்தின் நிரல் ஈதர் என்ற மெய்நிகர் நாணயத்தைச் சந்தை விலையைப்போல் ஏறத்தாழ 250 மடங்கு விலைக்கு விற்றது. சந்தையை நடத்தியவர்கள் மறுநாள் அந்த வணிகங்களைத் திருப்பிவிட்டார்கள். எதிர்த்தரப்பு தவறு செய்கிறது என்று தெரிந்தே ஒருவர் ஆதாயம் தேடினால் ஒப்பந்தம் செல்லாது என்பது பழைய விதி. இங்கே தெரிந்திருக்க வேண்டியவர் யார்? நிரலுக்கு மனம் கிடையாது. நிரலை எழுதியவர், அதை எழுதிய காலத்தில், என்ன அறிந்திருந்தார் என்பதையே பார்க்க வேண்டும் என்று சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. வணிகங்களைத் திருப்பியது ஒப்பந்த மீறல் என்றும் கூறியது. நீதிபதிகளுள் ஒருவர் அதிலிருந்து மாறுபட்டார். தன் கண்ணெதிரே இப்படியொரு விலையைக் கண்ட நேர்மையான வணிகர் என்ன நினைத்திருப்பார் என்ற அவருடைய அணுகுமுறையின் பக்கமே என் மனம் சாய்கிறது. 2024இல் அன்சிட்ரால் தானியங்கி ஒப்பந்தங்களுக்கென ஒரு மாதிரிச் சட்டத்தை ஏற்று, ஒரு தரப்பு எதிர்பார்த்திருக்கவே முடியாத செயலைத் தானியங்கி முறை செய்யும் நிலையையும் அதில் கருத்தில் கொண்டிருக்கிறது.

வரியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அது சட்டத்தைவிட அரசியலைச் சார்ந்து நகர்கிறது. ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ இல்லாத விற்பனையாளரிடம் அந்த மாநிலம் விற்பனை வரி வசூலிக்கச் சொல்ல முடியாது என்று 1992இல் கூறிய அமெரிக்க உச்ச நீதிமன்றம், 2018இல் அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டது. மின்வழி அனுப்பப்படுபவற்றுக்குச் சுங்க வரி விதிப்பதில்லை என்று உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகள் 1998இல் ஜெனீவாவில் எடுத்த தற்காலிக முடிவு, 2024இல் அபுதாபி மாநாடு வரை திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. வருவாயை இழக்கிறோம் என்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் இந்தோனேசியாவும் குரலெழுப்பிவந்தன; இந்தோனேசியா 2018இல் மென்பொருள் போன்றவற்றுக்கெனச் சுங்கப் பட்டியலில் தனி இடம் திறந்து, வரி வீதத்தைச் சுழியமாக வைத்தது.

என்னை மிகவும் வருத்தும் பகுதி நுகர்வோர் தொடர்பானது. வணிகருக்கும் வணிகருக்கும் இடையே, காகிதம் செய்த வேலையை மின்பதிவு செய்கிறதா என்று கேட்டால் போதும். நுகர்வோரிடம் வரும்போது, காகிதம் செய்த இன்னொரு வேலையும் தெரியவருகிறது. தாளை எடுத்து, படித்து, பேனாவைத் திறந்து கையெழுத்திட ஆகும் அந்தச் சில நிமிடங்கள் மனிதருக்கு ஒரு நிதானத்தைத் தந்தன. நாம் எதற்கோ கட்டுப்படப்போகிறோம் என்ற எச்சரிக்கையை அந்தத் தாமதமே கொடுத்தது. ஒரு தட்டலில் முடியும் வாங்குதலில் அந்த எச்சரிக்கை காணாமல் போகிறது, அதைக் காணாமல் போக்குவதற்கென்றே திரைகள் வடிவமைக்கப்படவும் செய்கின்றன. பக்கத்தின் அடியில், கீழே உருட்டினால் மட்டுமே தெரியும் நிபந்தனைகள் பதிவிறக்கம் செய்தவரைக் கட்டுப்படுத்தாது என்று நெட்ஸ்கேப் என்ற மென்பொருள் நிறுவனத்தின் வழக்கில் 2002இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொன்னது நல்ல தொடக்கமாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2011ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமை நெறியாணையில் அதைவிட ஒரு படி மேலே சென்றது. பணம் செலுத்தும் கடப்பாடு உண்டு என்பதைப் பொத்தானிலேயே ஐயத்துக்கு இடமின்றி எழுத வேண்டும், எழுதாவிட்டால் நுகர்வோர் அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்றது அது. 2022இல் ஒரு முன்பதிவு வழக்கில், சுற்றியுள்ள வாசகங்களைப் பார்க்கக் கூடாது, பொத்தானில் உள்ள சொற்களை மட்டுமே பார்க்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் விளக்கியது. ஒரு பொத்தானின் மீதுள்ள சொற்களுக்கு இத்தனை கண்டிப்பா என்று சிலர் வியக்கலாம். கையெழுத்துக்கு முன் இருந்த நிதானத்தை மீட்டெடுக்க வேறு இடம் இல்லாதபோது, அந்தப் பொத்தானே சட்டம் நிற்கக்கூடிய ஒரே இடம்.

வாங்கிய பின் மனம் மாறினால் 14 நாட்களுக்குள் விலகும் உரிமையையும் அதே நெறியாணை தந்தது. உரிமையை எழுதிவைப்பது ஒன்று, சிறு தொகைக்காக ஒருவர் நாடு கடந்து அதை நிலைநாட்டுவது இன்னொன்று. இதற்காக 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் திறந்த இணையவழித் தகராறு தீர்வுத் தளம், போதிய பயன்பாடு இல்லாததால் 2025 ஜூலை 20 அன்று மூடப்பட்டது. அந்தத் தளத்தில் புகார் செய்வது எளிதாக இருந்தது. ஆனால் பதிலளிக்கும் கட்டாயம் பொதுவாக விற்பனையாளருக்கு இல்லை. எதிர்த்தரப்பை வரவழைக்கும் அதிகாரம் இல்லாத மன்றத்தை எத்தனை அழகாகக் கட்டினாலும் மக்கள் அங்கே போகமாட்டார்கள். டிஜிட்டல் வணிகத்துக்குச் சட்டம் எழுத முனையும் எந்த நாடும் இந்த மூடலை ஆழ்ந்து படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஆவணங்களிடம் திரும்புகிறேன். இன்றைக்கும் பல நாடுகளின் சட்டத்தில் கட்டுப்பாடு என்ற சொல் நுழையவில்லை. ஆகவே, மின்வடிவில் புறப்பட்ட பில் ஆஃப் லேடிங், சரக்கு இன்னும் கடலில் இருக்கும்போதே, போய்ச்சேரும் நாட்டின் சட்டத்துக்காகக் காகிதமாக மாற வேண்டிய நிலை அவ்வப்போது வருகிறது. 2017ஆம் ஆண்டின் மாதிரிச் சட்டமும் 2023ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டமும் இதை எதிர்பார்த்தே எழுதப்பட்டவை: வடிவம் மாற்றப்பட்டது என்ற குறிப்பு புதிய ஆவணத்தில் இருக்க வேண்டும், மாறிய உடனே பழைய வடிவம் செயலிழந்துவிட வேண்டும். ஒரே சரக்குக்கு இரண்டு சாவிகள் உலவினால் இத்தனை ஆண்டுகள் காகிதம் காத்துவந்தது ஒரே நாளில் போய்விடும். அத்தகைய ஆவணம் என் மேசைக்கு வரும்போது, விலையையும் எடையையும் பார்ப்பதற்கு முன்பாக, அந்த ஒற்றை வரிக் குறிப்பு எங்கே இருக்கிறது என்றுதான் இப்போதெல்லாம் தேடுகிறேன்.